இடது கைக்கு ஒரு பந்து

ஜூன் 12, ஞாயிறு

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இன்று மறுபடி மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன். ஆசிரியை என் மனைவி பியூலா. பாடம், சாஃப்ட்பால் பந்து வீசுவது.

மத்தியானம் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே, பல்கலைக்கழக அணியில் அவள் ஆடிய காலத்துக் கிளவுஸ் அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. கூடவே ஒரு பந்து. பேர்தான் சாஃப்ட்பால். பெரிய சாத்துக்குடி அளவில் கல் மாதிரி கனக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக் கிளவுஸைப் பிசைந்து கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு முன்பிருந்தே அவளுக்கு வலது கை சரியில்லை. முதலில் பேனா நழுவியது, பிறகு கரண்டி, பிறகு குக்கர் மூடி. போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர், இங்கே எழுதவில்லை. வலது கை திரும்பாது, அடுத்து இடது கை, அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு என்று, ரயில் நிற்கும் ஊர்களைச் சொல்வது போலச் சொன்னார். டாக்டர்கள் மிகைப்படுத்துவதும் உண்டு.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் பியூலா வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே வந்தாள். இன்று கிளவுஸை இடது கையில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு வலது கை பந்து போடுத கை. இடது, பிடிக்கிற கை. அது இன்னும் நல்லாத்தான இருக்கு. நீங்க போடுங்க, நான் பிடிக்கேன்.”

“நானா? எனக்குக் கோலிக்காய்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதே.”

“சொல்லித் தாரேன். இந்தக் கையும் போறதுக்குள்ள நெசமான ஃபாஸ்ட் பிட்ச், முழு வேகப் பந்து ஒண்ணு இதுல விழணும். அந்தச் சத்தத்தைக் கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க.”

சரி என்றேன். அவள் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்றுதான்.

ஜூன் 14, செவ்வாய்

முதல் பாடம். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே துணி காயப்போடும் நீளச் சந்துதான் மைதானம். கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பின்கோடியில், கிணற்றடிப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன்.

நான் கையை ராட்டினம் போலச் சுற்றிக் காட்டினேன். சிரித்துவிட்டாள். “அது கடைசி பாடம். இங்க எல்லாம் பின்னாலிருந்துதான் முன்னால வரணும். முதல்ல பந்தை விடப் படிக்கணும். அப்புறந்தான் சுத்த.”

கடைசிப் பக்கத்திலிருந்து நான் ஒரு பாடமும் நடத்தியதில்லை. ஆனால் யோசித்தால் சரிதான். மாடி ஏறத் தெரிந்த குழந்தை இறங்கத் தெரியாமல் மேலேயே நின்று அழுமே, அதுபோல. முடிக்கத் தெரியாதவன் தொடங்கி என்ன செய்வது?

அவளுக்கு மிக அருகில் நின்று, கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு, மணிக்கட்டால் மட்டும் பந்தைச் சுண்டிவிட வேண்டும். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுகிறோமே, அதே அசைவு. விரல் நுனிகள் பந்தின் தையல் மேல் இருக்க வேண்டும். விடும் இடம் இடுப்புப் பக்கம்.

எட்டிக் கொடுத்துவிடும் தூரம்தான். அதிலேயே பாதிப் பந்து என் செருப்பில் விழுந்தது.

ஜூன் 20, திங்கள்

சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். பியூலா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஊறுகாயை அவள் ஏன் நாலு தடவை கேட்டாள் என்பது நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

சாயங்காலம் உதறல் பயிற்சி. பந்து இப்போது கிளவுஸுக்குப் போகிறது.

ஜூலை 3, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து செல்லக்கனி வந்தாள். பியூலா பந்து வீசிய காலத்தில் எதிரே குந்தி உட்கார்ந்து பிடித்த கேட்சர் அவள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி பியூலா, வாத்தியாரையா சேத்திருக்க? வேற ஆளே கெடைக்கலையா?”

“சம்பளம் கேக்காத ஆளு இவருதான்டி கெடைச்சாரு.”

“அண்ணாச்சி, எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்.”

போட்டேன். செல்லக்கனி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நல்லாருக்கு அண்ணாச்சி. கோயில்ல காணிக்கை போடுத மாதிரி இருக்கு.”

பிறகு இருவரும் விரல் சாடையைச் சொல்லித் தந்தார்கள். அடிக்கிறவளுக்குத் தெரியாமல், என்ன பந்து வேண்டும் என்று கேட்சர் தொடைக்கு நடுவே விரலால் காட்டுவாள். ஒரு விரல் காட்டினால் முழு வேகம். இரண்டு விரல் காட்டினால் வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து.

“இவ என்ன செய்வா தெரியுமா? நான் ரெண்டு காட்டுனாலும் ஒண்ணுதான் போடுவா. அவ்வளவு திமிரு” என்றாள் செல்லக்கனி.

பியூலா இடது கையால் அவள் தலையில் ஒன்று போட்டாள். நல்ல பலமான அடி. எனக்கு சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 17, ஞாயிறு

அரைச் சுற்று. கையைப் பின்னால் தோள் மட்டத்துக்குத் தூக்கி, அங்கிருந்து கீழே வீசி, இடுப்பருகே விட வேண்டும். நாற்காலி அதே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்தான் பின்னால் தள்ளிப் போக வேண்டும். கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றால்தான் பெண்கள் ஆட்டத்தின் முழுத் தூரம், நாற்பத்து மூன்று அடி, வருமாம்.

இன்று பந்து சன்ஷேடில் மோதி, செம்பருத்தித் தொட்டியை உடைத்தது.

“பந்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. அதான் மேல போகுது. இடுப்புகிட்ட வந்ததும் விட்டிரணும்.”

ஆடும் ஊஞ்சலிலிருந்து குதிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். ஊஞ்சல் தாழ வரும்போது குதித்தால் நேராக முன்னால் போய் நிற்பான். பயந்து பிடித்துக்கொண்டே இருந்து பிந்திக் குதிக்கிறவன் மேலே எகிறி விழுவான். நாற்பது பிள்ளைகளுக்கு இதை வரைந்து காட்டியிருப்பேன். என் கைக்கு மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

ஜூலை 31, ஞாயிறு

தோள் வலி. பாடம் இல்லை.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். பிடரியில் பின்னல் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எட்டாம் வகுப்புல எந்தப் பிள்ளையும் உங்ககிட்டத் தலை காட்டிராது” என்றாள்.

பாடத்தில் சிறு தகராறு. முழுச் சுற்றுக்குப் போவோம் என்கிறாள். அரைச் சுற்று இன்னும் சுத்தமாக வரவில்லை, இன்னொரு முறை திருப்புதல் செய்வோம் என்றேன். நான் எப்போதும் அப்படித்தான். ஒரு பாடம் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேராமல் அடுத்ததைத் திறக்கமாட்டேன். அடித்தளம் ஆடினால் மேலே கட்ட முடியுமா?

“பரீட்சை தேதி தள்ளிப்போகாதுங்க” என்றாள்.

செல்லக்கனிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள் அழைத்தாள். “என்ன அண்ணாச்சி, போர்ஷனை முடிக்காம இழுத்தடிக்கீங்களாமே? எங்க ஸ்கூல்ல அப்படி ஒரு சார்வாள் இருந்தாரு. ஒளிச்சேர்க்கையிலயே வருசம் முடிஞ்சு போச்சு.”

செப்டம்பர் 5, திங்கள்

ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் சிலர் அழைத்தார்கள். பியூலாவிடம் படித்த ஒரு பெண்ணும் அழைத்தாள். பி.டி. டீச்சர் என்றால் இவளிடம் படித்தவர்களுக்கு இன்றும் பயம் கலந்த பிரியம். சிறிது நேரம் பேசிய பிறகு அந்தப் பெண், “டீச்சர், லைன் சரியில்ல, தண்ணிக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்குது” என்றாள்.

எங்கள் தெருவில் டவர் சரியாக எடுக்காது. பலமுறை புகார் செய்துவிட்டேன்.

போனை வைத்ததும் பியூலா என்னைப் பார்த்து, “மாணவர் தின வாழ்த்துகள்” என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகச் சொன்னாள்.

செப்டம்பர் 25, ஞாயிறு

முழுச் சுற்று தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இன்று முதன்முறையாகக் கேட்டைத் திறந்து வைத்துத் தெருவில் நின்றேன். பாதம் வைக்க ஒரு கடப்பாக்கல் துண்டு. இரண்டு காலும் கல்லின் மேல், இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்து ஒரு கணம் நிற்க வேண்டும். பிறகு இடது காலை எடுத்து முன்னால் வைக்கும்போதே கை கடிகார முள்ளாக மேலே போய், பின்னால் இறங்கி, இடுப்பைத் தொட்டு விட வேண்டும். பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

“என்ன சார், யாரை அடிக்கப் போறீங்க?”

“என் பெண்டாட்டியை.”

“வீட்டுக்குள்ள வச்சுச் செய்யக்கூடாதா சார்?”

நாலைந்து பந்து மெதுவாக, நேராகப் போயிற்று. நல்ல முன்னேற்றம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில், பியூலா கிளவுஸைப் பல்லால் கடித்து இழுத்துக் கீழே போட்டாள்.

அருகே போனேன். முகம் சிவந்திருந்தது.

“நான் விரலே காட்டல. நீங்களா ரெண்டு போடுதீங்க. எல்லாம் ரெண்டு. எல்லாம் ரெண்டு.”

“உன் மேல பட்டுட்டா என்ன செய்ய பியூலா?”

“படட்டும். நான் பந்து போடுதவ, பிச்சர். நான் நோயாளியா வேற எடத்துல இருந்துக்கிடுதேன். இங்கன வேண்டாம்.”

வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கோபத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

அக்டோபர் 9, ஞாயிறு

இடது கையிலிருந்து டம்ளர் நழுவிவிட்டது. டம்ளர் ஈரமாக இருந்தது. நான்தான் துடைக்காமல் கொடுத்தேன்.

தோள் வலி. பாடம் இல்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

பாடம் இல்லை.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. பியூலாவுக்கு அதிரசம் என்றால் உயிர். பாலில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தேன். ஒரு வாய் இறங்கியது, அடுத்தது புரையேறிவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில் கைப்பிடி வைத்த மர நாற்காலியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். அதில் சாய்ந்துகொள்ள வசதி.

நவம்பர் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி போய் வந்தோம். மூச்சு அளவு பார்த்தார்கள். ஒரு நாள் கழுத்தில் துளை போட்டு மெஷின் வைக்க வேண்டி வரும், அதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது என்றார் டாக்டர்.

பியூலா என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னாள். “மெஷின் வேண்டாம்.” டாக்டருக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள். புரிந்தது.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். மணியாச்சியில்தான் உட்கார இடம் கிடைத்தது.

இன்று செல்லக்கனி வந்திருந்தாள். சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கேலி இல்லை.

“அண்ணாச்சி, அவ கையைப் பாத்தீங்களா?”

“குளிருக்கு அப்படி இருக்கு.”

“பாளையங்கோட்டையில என்ன குளிரு?” கரண்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “பாடம் முடிஞ்சா அவளும் முடிஞ்சிருவான்னு நெனைக்கீங்க. முடிக்காட்டியும் முடியும் அண்ணாச்சி. அவ கேட்டது ஒரு பந்து.”

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்தேன்.

நவம்பர் 13, ஞாயிறு

இந்த வாரம் தினமும் காலையில் காம்பவுண்டு சுவரில் கரியால் வட்டம் போட்டு வீசினேன். முழு வேகத்தில்.

நவம்பர் 27, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து செல்லக்கனி நேராக இங்கே வந்தாள். ஒரு பையில் அவளுடைய பழைய முகக்கவசத்தைக் கொண்டுவந்திருந்தாள். கேட்சர்கள் போடும் கம்பிக் கூண்டு.

மர நாற்காலியில் பியூலாவை உட்காரவைத்தோம். கவசத்தை மாட்டியதும் செல்லக்கனி, “ஏட்டி, முக்காடு போட்ட கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கட்டி” என்றாள். கம்பிக்குப் பின்னால் பியூலா சிரித்தாள். இப்போது சிரிப்புக்குச் சத்தம் வருவதில்லை, தோள் மட்டும் குலுங்கும்.

கிளவுஸை அவள் கையில் மாட்டும் முன் செல்லக்கனி, “சிக்னல் குடு” என்றாள். பியூலா மடியில் கிடந்த இடது கையையே பார்த்தாள். வெகு நேரம். சுட்டுவிரல் மட்டும் மெல்ல நீண்டது.

ஒன்று.

செல்லக்கனி நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கிளவுஸ் போட்ட அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கிப் பிடித்தாள். நான் தெருவுக்குப் போனேன். கடப்பாக்கல்லின் மேல் நின்றேன். அங்கிருந்து பார்க்கையில் பியூலா மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். நாற்பத்து மூன்று அடி அவ்வளவு தூரம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

முதல் பந்து சுவரில் மோதியது. இரண்டாவது சன்ஷேடுக்கு மேலே போயிற்று. பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன். செல்லக்கனி எழுந்துபோய் எடுத்து வந்து உருட்டிவிட்டாள். பால்காரர் இன்று சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளி நின்றுகொண்டார்.

மூன்றாவது பந்து கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை. கை மட்டும் காலியாகத் தோளுக்கு மேலே ஏறி நின்றது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? நனைத்த போர்வையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அறைந்தால் வருமே, அதில் பாதி. எண்ணெய் ஊறிய தோலின் சத்தம் மீதிப் பாதி. சந்து முழுக்கக் கேட்டது. பந்தின் மேல் மூட அவள் விரல்களால் முடியவில்லை. செல்லக்கனியின் விரல்கள் வெளியிலிருந்து கிளவுஸை மூடின.

ஓடிப் போனேன். பியூலா கண்ணை மூடியிருந்தாள். கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. செல்லக்கனிக்குப் புரிந்தது.

“இன்னொண்ணுங்கா அண்ணாச்சி.”

நாளைக்குப் போடுவோம் என்றேன். தோள் வலிக்கிறது என்றேன்.

நவம்பர் 28, திங்கள்

பியூலாவுக்குக் காய்ச்சல். சளி கட்டியிருக்கிறது. பாடம் இல்லை.

டிசம்பர் 11, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் உட்காரவைத்தால் தலை நிற்கவில்லை. கிளவுஸைக் கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று அதற்கு மறுபடி எண்ணெய் போட்டேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பாட்டுக்குழுவினர் வீட்டுக்கே வந்து பாடினார்கள். கேக்கை ஒரு துளி நாக்கில் தடவினேன்.

ஜனவரி 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கியதால் விடியுமுன் கொண்டுவந்தோம்.

பத்து மணிக்கு டாக்டர் என்னை வெளியே அழைத்தார். சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். “இப்ப குழாய் போட்டு மெஷின் வச்சா இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும் சார். மாசக் கணக்குல, சில பேருக்கு வருசக் கணக்குலகூட. அவங்க முன்னாடி வேண்டாம்னு சொன்னது ஃபைல்ல இருக்கு. ஆனா இந்த நேரத்துல பல பேர் மனசு மாறுவாங்க. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க.”

இன்னும் கொஞ்ச காலம். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? உள்ளே போகும்போது என் வாயில் எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது. மெஷினோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், நான் பார்த்துக்கொள்வேன், ஒரு திருப்புதல் மாதிரி நினைத்துக்கொள் என்று.

அவள் விழித்திருந்தாள். இடது கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் ஆசையையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் உள்ளங்கையில் ஒரு விரல் அழுத்தியது. எடை இல்லாத அழுத்தம்.

இன்னொரு விரலும் அழுத்தும், வேகத்தைக் குறைக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனார். நான் இன்னும் காத்திருந்தேன். அந்த ஒரு விரல்தான்.

வெளியே போய் டாக்டரிடம், “வேண்டாம் சார்” என்றேன். பிடித்துக்கொண்டு நிற்காமல், சட்டென்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10, செவ்வாய்

பியூலா போய்விட்டாள். சாயங்காலம்.

ஜனவரி 29, ஞாயிறு

வீட்டில் கூட்டம் குறைந்துவிட்டது. கொடிக்கயிற்றை மறுபடி கட்டலாம் என்று சந்துக்குப் போனேன். கட்டவில்லை.

பதினொரு மணிக்குச் செல்லக்கனி வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கட்டிலிலிருந்த கிளவுஸை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மர நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்து முனகியபடி, அந்த வயதில் அங்கே குந்தி உட்கார்ந்தாள்.

“ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணாச்சி.”

கேட்டைத் திறந்தேன். தெருவில் இறங்கிக் கல்லின் மேல் நின்றேன். அவள் ஒரு விரல் காட்டினாள்.

தோள் வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.